அகச்சிவப்பு விண்வெளி வானியலும் புற விண்மீன் பேரடைகளும்

நமது பால்வழிக்கு அப்பால் உள்ள விண்மீன் பேரடைகளை, அவை வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு ஆராய்வது தற்கால வானியலின் முக்கியமான பிரிவுகளுள் ஒன்று. இந்த ஆய்வு பெரும்பாலும் பூமியின் வளிமண்டலத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட, மிகக் குளிர்ந்த தொலைநோக்கிகளால் நடைபெறுகிறது. 1983ஆம் ஆண்டு ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் இத்துறைக்கு அடித்தளமிட்டது. ஐசோ, ஸ்பிட்சர், அகாரி, வைஸ், ஹெர்ஷல், ஜேம்ஸ் வெப் ஆகியவை அதனைத் தொடர்ந்து வந்தவை.

இவை அனைத்தும் சேர்ந்து உணர்த்திய செய்தி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் கணக்கில் கொண்டால், பேரண்ட வரலாற்றில் விண்மீன்கள் உமிழ்ந்த ஒளியில் ஏறத்தாழப் பாதி நமக்குத் தெரியாமலே போய்விடும். அந்தப் பாதியைத் தூசி விழுங்கி, அகச்சிவப்புக் கதிராக மாற்றி அனுப்புகிறது.

தூசி செய்யும் வேலை

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெற்றிடம் அன்று. அங்கே வாயுவும் அதனோடு கலந்த தூசியும் உள்ளன. இத்தூசியை வீட்டு அலமாரியில் படியும் தூசியாக எண்ணக் கூடாது. சிலிகேட்டும் கார்பனும் சேர்ந்த, புகைத்துகளை ஒத்த மிக நுண்ணிய துகள்கள் இவை. பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரில், அதாவது மீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், பத்தில் ஒரு பகுதி அளவோ அதற்கும் சிறியதோ ஆகும்.

அளவு சிறிது, விளைவு பெரிது. பால்வழியின் மையத்திலிருந்து புறப்படும் கட்புலனாகும் ஒளியில், லட்சம் கோடி ஃபோட்டான்களுக்கு ஒன்றுதான் நம்மை வந்தடைகிறது. ஆனால் 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. அலைநீளம் துகளின் அளவைவிடப் பெரிதாகப் பெரிதாக, கதிர் தடையின்றிக் கடந்து செல்லும் என்பதே காரணம்.

விண்மீன்கள் பிறப்பதும் இத்தூசி நிறைந்த முகில்களுக்குள்தான். அவற்றுள் மிகப் பெரியவை அளவற்ற புறஊதாக் கதிரை வெளியிடும். சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து முடியும். பிறந்த முகிலைவிட்டு வெளியே வருவதற்குள் பலவற்றின் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே, ஒரு பேரடையில் விண்மீன் பிறப்பு மும்முரமாக நடக்கும் இடமே கண்ணுக்கு மிகவும் மறைவான இடமாகவும் இருக்கிறது.

தூசி தான் வாங்கிய ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. அதனால் 20 முதல் 60 கெல்வின் வரை சூடேறி, அதே அளவு ஆற்றலை வெப்பக் கதிராக வெளியிடுகிறது. ஒரு பொருளின் வெப்பநிலைக்கும் அது உச்ச அளவில் கதிர்வீசும் அலைநீளத்துக்கும் உள்ள தொடர்பை வீன் விதி தருகிறது: 2,898ஐக் கெல்வின் அளவிலான வெப்பநிலையால் வகுத்தால் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். சுமார் 5,800 கெல்வின் கொண்ட சூரியனுக்கு விடை 0.5, அது கண்ணுக்குத் தெரியும் ஒளி. நம் உடலுக்கு 9 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். 30 கெல்வின் தூசிக்கு ஏறத்தாழ 97 மைக்ரோமீட்டர். இதைச் சேய்மை அகச்சிவப்பு என்பர்.

எனவே ஒரு பேரடையின் அகச்சிவப்பு ஆற்றல் முழுவதையும் அளந்துவிட்டால், உள்ளே மறைந்திருக்கும் இளம் விண்மீன்களின் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிடலாம். அவை தனித்தனியே கண்ணில் பட வேண்டியதில்லை.

தொலைநோக்கி ஏன் குளிர்ந்திருக்க வேண்டும்?

அகச்சிவப்புக் கதிரைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1800ஆம் ஆண்டில் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்தபோது அது சூடேறியதைக் கண்டார். இருந்தும் பேரடைகளை இக்கதிரில் ஆராய மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1961இல் ஃபிராங்க் லோ உருவாக்கிய ஜெர்மேனியம் போலோமீட்டர் என்னும் நுண்ணிய வெப்ப உணரி ஒரு திருப்பம். 1970களின் தொடக்கத்திலேயே எம்82, என்ஜிசி 253 போன்ற சில அருகமைப் பேரடைகள் அகச்சிவப்பில் எதிர்பாராத அளவு ஒளிர்வது தரையிலிருந்தே தெரிந்துவிட்டது.

ஆனால் தரையில் இரண்டு தடைகள் உண்டு. வளிமண்டலத்தில் உள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. சில குறுகிய அலைநீளச் சாளரங்கள் மட்டுமே திறந்திருக்கின்றன. இரண்டாவது தடை இதனினும் பெரியது. சாதாரண வெப்பநிலையில் உள்ள காற்றும், தொலைநோக்கியின் ஆடியும், அதைத் தாங்கும் சட்டமும் 10 மைக்ரோமீட்டர் அருகே தாமே ஒளிர்கின்றன. நண்பகலில், சுடர்விடும் குழல் ஒன்றின் வழியாக விண்மீனைத் தேடுவதற்கு இதை ஒப்பிடலாம்.

விண்வெளிக்குப் போனால் முதல் தடை நீங்கும். இரண்டாவது நீங்க, தொலைநோக்கியையே உறைய வைக்க வேண்டும். அதற்கு நீர்ம ஹீலியம் பயன்பட்டது. அது மெல்ல ஆவியாகி வெப்பத்தை வெளியே கொண்டுபோகும். தீர்ந்தால் தொலைநோக்கியின் கண் மங்கும். பிற விண்கலங்களின் ஆயுளை எரிபொருளோ மின்கலமோ முடிவு செய்யும் என்றால், இத்துறையின் கலங்களுக்கு நெடுங்காலம் ஒரு குடுவைக் குளிர்தான் ஆயுளாக இருந்தது.

ஐராஸ்: பத்து மாத ஆய்வு

அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளின் கூட்டு முயற்சியான ஐராஸ், 1983 ஜனவரி 25 அன்று ஏவப்பட்டது. அதன் ஆடியின் விட்டம் 57 சென்டிமீட்டர் மட்டுமே. 12, 25, 60, 100 மைக்ரோமீட்டர் ஆகிய நான்கு அலைநீளங்களில் அது வானை அலசியது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று ஹீலியம் தீர்ந்தது. அதற்குள் வானத்தின் 96 சதவீதப் பரப்பைப் பார்த்து முடித்து, சுமார் 3,50,000 அகச்சிவப்பு மூலங்களைப் பட்டியலிட்டிருந்தது.

அப்பட்டியலில் எந்த ஒளிப்பட அட்டவணையிலும் இல்லாத சில புள்ளிகள் இருந்தன. 1983 இறுதியில் இச்செய்தி நாளிதழ்களில் வெளியானபோது, சூரியக் குடும்பத்தின் ஓரத்தில் வியாழன் அளவுள்ள மர்மப் பொருள் இருக்கக்கூடும் என்ற வதந்தி பரவியது. இன்றும் 'நாசா மறைத்த கோள்' என்று இணையத்தில் சுற்றும் கதைகளில் இச்செய்தி சான்றாகக் காட்டப்படுவது உண்டு. உண்மை அதைவிடச் சுவையானது. பின்னர் ஆராய்ந்ததில் அப்பொருள்களுள் ஒன்பது தொலைதூர விண்மீன் பேரடைகள் என்றும், ஒன்று மெல்லிய தூசி முகில் என்றும் தெரிந்தன. பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த கோளும் தொலைவில் தூசி போர்த்திய பேரடையும் ஒரே மாதிரியான அகச்சிவப்புப் புள்ளியாகத் தெரியக்கூடும் என்பதே குழப்பத்தின் வேர்.

ஐராஸ் கண்ட பேரடைகளுள் ஒரு வகையை வானியலாளர் தனியாகப் பிரித்தனர். அகச்சிவப்பில் மட்டும் சூரியனைப் போல் 10,000 கோடி மடங்குக்கு மேல் ஒளிர்பவை 'ஒளிமிகு அகச்சிவப்புப் பேரடைகள்'. ஒரு லட்சம் கோடி மடங்கைத் தாண்டினால் 'மீயொளிர் அகச்சிவப்புப் பேரடைகள்'.

ஆர்ப் 220

இரண்டாவது வகைக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு ஆர்ப் 220. ஹால்டன் ஆர்ப் என்ற வானியலாளர் 1966இல் வெளியிட்ட விசித்திரப் பேரடைகளின் தொகுப்பில் இது 220ஆவது இடத்தில் உள்ளது. சர்ப்பம் விண்மீன் குழுவின் திசையில் சுமார் 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஒளிப்படத்தில் பார்த்தால் தூசிப்பட்டை குறுக்கே ஓடும், உருக்குலைந்த ஒரு மங்கல் திட்டு. தொகுப்பைப் புரட்டுபவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடக்கூடிய தோற்றம்தான்.

ஐராஸ் பார்த்தபோது, அது ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சூரியன்களுக்கு இணையாக ஒளிர்ந்தது. அந்த ஆற்றலில் ஏறத்தாழ முழுவதும் அகச்சிவப்பாகவே வெளிவருகிறது. இரண்டு சுருள் பேரடைகள் மோதி ஒன்றாகிக்கொண்டிருப்பதன் விளைவு இது. அவற்றின் இரு கருவங்களும் இப்போது சுமார் 1,200 ஒளியாண்டு இடைவெளிக்கு நெருங்கிவிட்டன. மோதலில் வாயு முழுவதும் மையத்தை நோக்கிச் சரிந்து, குறுகிய பகுதிக்குள் அடைபட்டு, அங்கே விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கின்றன. பிறக்கும் வேகம் கூடக் கூடத் திரையும் தடிக்கிறது.

ஆற்றலின் மூலம் எது?

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. தூசி தன்னைச் சூடாக்கியது எது என்று சொல்வதில்லை. இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிரும் அதைச் சூடாக்கும். மையத்தில் உள்ள பெருங்கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயுவும் சூடாக்கும். எந்த விறகு எரிந்தாலும் பானை சூடாகத்தான் செய்யும். மீயொளிர் பேரடைகள் குவேசார்களின் தொடக்கநிலை என்ற கருத்தை டேவிட் சாண்டர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் முன்வைத்தனர். அதாவது உள்ளே ஒரு கருந்துளை வளர்ந்துகொண்டிருக்கிறது. தூசி விலகும் நாளில் அது குவேசாராக வெளிப்படும் என்பது அவர்கள் கருத்து.

இதைச் சோதிக்க நிறமாலை தேவைப்பட்டது. ஐரோப்பிய விண்வெளி முகமை 1995 நவம்பரில் ஏவிய ஐசோ அதைத் தந்தது. ஒரு நியான் அணுவிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை உரிக்க மிகக் கடுமையான கதிர் வேண்டும். சாதாரண விண்மீன்களால் அது இயலாது. கருந்துளையைச் சுற்றியுள்ள வட்டிலால் இயலும். எனவே 14.3 மைக்ரோமீட்டரில் அந்த நியான் அயனியின் கோடு தெரிந்தால், உள்ளே கருந்துளை விழித்திருக்கிறது என்று பொருள். மாறாக, 7.7 மைக்ரோமீட்டர் அருகே பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களின் அகன்ற பட்டை தெரிந்தால் விண்மீன் பிறப்புக்கு அறிகுறி. வாகனப் புகையிலும் கருகிய உணவிலும் காணப்படும் அதே குடும்பத்து மூலக்கூறுகள்தான் இவை. கருந்துளை அருகே உள்ள கடுங்கதிரில் இவை நிலைப்பதில்லை.

1998இல் ரைன்ஹார்ட் கென்செல் குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, ஆராயப்பட்ட மீயொளிர் பேரடைகளில் 70 முதல் 80 சதவீதம் பெரும்பாலும் இளம் விண்மீன்களாலேயே ஆற்றல் பெறுகின்றன. எஞ்சியவற்றில் கருந்துளையின் கை ஓங்கியிருந்தது. பால்வழி மையத்தின் கருந்துளை ஆய்வுக்காக 2020இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இதே கென்செல்தான். இருப்பினும் ஆர்ப் 220இன் வழக்கு முடிந்துவிடவில்லை. அதன் கருவங்களில் நடு அகச்சிவப்புக் கதிரே தப்பி வர முடியாத அளவுக்குத் தூசி அடர்ந்துள்ளது. அங்கே கருந்துளையின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது.

வேறு சில பேரடைகளில் ஐயத்துக்கு இடமில்லை. 2009 இறுதியில் ஏவப்பட்ட வைஸ், தூசிக்குள் புதைந்த சில அரிய பேரடைகளைக் கண்டது. அவற்றுள் ஒன்று 300 லட்சம் கோடி சூரியன்களைவிட அதிகமாக ஒளிர்வதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. அந்த அளவு ஆற்றலுக்கு, வெறிகொண்டு விழுங்கும் கருந்துளை ஒன்றே விளக்கமாக முடியும்.

எல்லாப் பேரடைகளின் மொத்தக் கணக்கு

ஆர்ப் 220 போன்றவை நமக்கு அருகில் மிக அரியவை. அப்படியானால் இவை விதிவிலக்குகள்தாமே, மொத்தக் கணக்கில் என்ன மாற்றம் வந்துவிடும் என்று கேட்கலாம். 1989இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோளின் தரவுகள் இதற்கு விடையளித்தன. வானம் முழுவதும் பரவியுள்ள மங்கலான அகச்சிவப்புப் பின்னணி ஒளியை 1996 முதல் 1998 வரையிலான ஆய்வுகள் அதிலிருந்து பிரித்தெடுத்தன. எல்லாக் காலத்துப் பேரடைகளும் தூசி வழியாக அனுப்பிய ஒளியின் கூட்டுத்தொகை அது. அதன் ஆற்றல், விண்மீன்களிடமிருந்து நேரடியாக வந்த பின்னணி ஒளியின் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது.

இதை நம் அருகில் உள்ள பேரடைகளோடு ஒப்பிட்டால்தான் முழுப் பொருள் விளங்கும். இன்றைய பேரடைகளில் விண்மீன் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் தூசி மாற்றி அனுப்புகிறது. வரலாறு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அது பாதி. ஆக, கடந்த காலத்தில் தூசிக்குள் மறைந்த விண்மீன் பிறப்பு இன்றைவிட மிக அதிகமாக நடந்திருக்க வேண்டும். பிற்கால அளவீடுகள் இதை உறுதி செய்தன. விண்மீன் பிறப்பு சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது; அப்போதைய வேகம் இன்றைய வேகத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. புறஊதா ஒளியை மட்டும் வைத்து, தூசிக்குத் திருத்தம் செய்யாமல் 1990களில் போடப்பட்ட கணக்குகள் அந்த உச்சத்தைப் பெரிதும் குறைத்தே மதிப்பிட்டிருந்தன.

ஸ்பிட்சர் காட்டிய ஆந்திரோமேடா

2003 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஸ்பிட்சர், 85 சென்டிமீட்டர் ஆடி கொண்டது. பூமியைச் சுற்றாமல், பூமிக்குப் பின்னால் சூரியனைச் சுற்றிவரும் பாதையில் அதை விட்டனர். பூமியின் வெப்பம் படாததால் 360 லிட்டர் ஹீலியத்தைக் கொண்டே 2009 மே வரை ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் குளிர்ந்திருந்தது. ஹீலியம் தீர்ந்த பிறகும் 3.6, 4.5 மைக்ரோமீட்டர் அலைநீளங்களில் 2020 ஜனவரி வரை உழைத்தது.

அதன் ஆந்திரோமேடா படம் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது. 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இப்பேரடை, வழக்கமான படங்களில் ஒளிரும் மையமும் சுற்றிச் செல்லும் சுருள் கரங்களுமாகத் தெரியும். 24 மைக்ரோமீட்டரிலோ மையத்தின் பகட்டு அடங்கி, சுமார் 33,000 ஒளியாண்டு ஆரமுள்ள ஒரு தூசி வளையம் மேலோங்கித் தெரிகிறது. உள்ளே மையம் விலகிய இன்னொரு சிறு வளையமும் உண்டு. துணைப் பேரடையான எம்32, சுமார் 21 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆந்திரோமேடாவின் வட்டை ஊடுருவிச் சென்றதன் தடயம் இது என்று 2006இல் ஓர் ஆய்வு விளக்கியது. குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து அலை பரவுவதைப் போன்றது.

ஹெர்ஷலின் திறனும் எல்லையும்

2009 மே 14 அன்று ஏவப்பட்ட ஹெர்ஷலின் ஆடி 3.5 மீட்டர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 2,300 லிட்டருக்கும் அதிகமான ஹீலியத்துடன், 55 முதல் 672 மைக்ரோமீட்டர் வரை அது பார்த்தது. அகச்சிவப்புப் பின்னணியில் பெரும்பகுதியைத் தனித்தனிப் பேரடைகளாகப் பிரித்துக் காட்டியது அதன் சாதனை.

ஆனால் அலைநீளம் கூடினால் கூர்மை குறையும். 350 மைக்ரோமீட்டரில் ஹெர்ஷலின் கூர்மை, மனிதக் கண்ணின் கூர்மையைவிட இருமடங்கைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். அருகருகே தெரியும் பேரடைகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். எச்எஃப்எல்எஸ்3 என்ற பேரடையை எடுத்துக்கொள்வோம். பெருவெடிப்புக்கு 88 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய இப்பொருளில், ஆண்டுக்குச் சுமார் 2,900 சூரிய நிறை அளவுக்கு விண்மீன்கள் பிறப்பதாக 2013இல் கணக்கிடப்பட்டது. பால்வழியில் இது ஆண்டுக்கு ஓரிரு சூரிய நிறைதான். பிற்பாடு ஜேம்ஸ் வெப் அதே இடத்தைக் கூர்ந்து பார்த்தபோது, அங்கே இருந்தது தனி ஒரு பேரடை அன்று, நெருக்கமான ஒரு பேரடைக் கூட்டம் என்று தெரிந்தது.

ஜேம்ஸ் வெப்: தூசியின் சிவப்பும் தொலைவின் சிவப்பும்

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப், ஹீலியக் குடுவையை நம்பியிருக்கவில்லை. ஐந்து அடுக்கு நிழல்திரை அதன் 6.5 மீட்டர் ஆடியைச் சுமார் 40 கெல்வினில் வைத்திருக்கிறது. ஒரு கருவியை மட்டும் மூடிய சுழற்சியில் இயங்கும் குளிரூட்டி 7 கெல்வினுக்கும் கீழே கொண்டுபோகிறது. 0.6 முதல் 28 மைக்ரோமீட்டர் வரை அதன் பார்வை எல்லை.

அகச்சிவப்பின் மற்றொரு பயன் இங்கே முன்னுக்கு வருகிறது. பேரண்டம் விரிவதால், தொலைப் பேரடைகளின் ஒளி வரும் வழியிலேயே நீண்டு சிவப்பு நோக்கி நகர்கிறது. இது செம்பெயர்ச்சி எனப்படும். செம்பெயர்ச்சி எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் நமக்கு வந்துசேரும் அலைநீளம் கிடைக்கும். ஹைட்ரஜனின் 0.1216 மைக்ரோமீட்டர் புறஊதா எல்லை, செம்பெயர்ச்சி 14.18 உள்ள பேரடையிலிருந்து வரும்போது 1.85 மைக்ரோமீட்டர் ஆகிவிடும். ஹபிள் தொலைநோக்கியின் பார்வை 1.7இல் முடிந்துவிடுவதால், அத்தகைய பேரடை அதற்கு அறவே தெரியாது. இப்படித்தான் 2024இல் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 கண்டறியப்பட்டது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளே ஆன நிலையில் நாம் அதைக் காண்கிறோம்.

எனினும் சிவப்பாகத் தெரிவதெல்லாம் தொலைவில் இருப்பதில்லை. 2022இல் வெப்பின் முதல் படங்களில் ஒரு பேரடைக்குச் செம்பெயர்ச்சி 16க்கு மேல் என நிறங்களை மட்டும் கொண்டு மதிப்பிட்டனர். அப்படியானால் அது பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுகளுக்குள் தோன்றியதாக இருக்க வேண்டும், கோட்பாட்டாளர்கள் திகைத்தனர். 2023இல் நிறமாலை எடுத்தபோது உண்மையான மதிப்பு 4.9 என்று தெரிந்தது. தூசி அதைச் சிவப்பாக்கியிருந்தது. வலிமையான உமிழ்வுக் கோடுகள் நிறத்தைத் திரித்திருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஐராஸ் பட்டியலைப் படித்தவர்களைத் தடுமாற வைத்த அதே தூசி, வெப்பின் படங்களைப் படித்தவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. அதனால் இப்போது, நிறமாலை வரும் வரை எந்தத் தொலைவுச் சாதனையையும் வானியலாளர் எளிதில் ஏற்பதில்லை.

மூடியிருக்கும் சாளரம்

வெப்பின் பார்வை 28 மைக்ரோமீட்டரோடு முடிகிறது. தூசியின் உச்ச ஒளியோ அருகிலுள்ள பேரடைகளில் 100 மைக்ரோமீட்டர் வாக்கில் உள்ளது. சிலியில் உள்ள அல்மா வானொலித் தொலைநோக்கி வரிசை, மிகத் தொலைவிலுள்ளவற்றுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. மேலே சொன்ன ஜேட்ஸ் பேரடையில் ஆக்சிஜனின் 88 மைக்ரோமீட்டர் கோடு, செம்பெயர்ச்சியால் 1.3 மில்லிமீட்டராக நீண்டு வந்ததால், அல்மா அதைத் தரையிலிருந்தே பிடித்தது, 14.18 என்ற துல்லிய மதிப்பும் அப்படிக் கிடைத்ததே. ஆனால் விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்த காலத்துப் பேரடைகளுக்கு இந்த வசதி போதாது. அவற்றின் தூசி ஒளியில் பெரும்பகுதி, வளிமண்டலம் மறைக்கும் அலைநீளங்களிலேயே வந்து விழுகிறது.

2013 ஏப்ரல் 29 அன்று ஹெர்ஷலின் ஹீலியம் தீர்ந்த பிறகு, அந்த அலைநீளங்களைப் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கி எதுவும் அதன் இடத்துக்கு வரவில்லை. விமானத்தில் பறந்த சோஃபியா ஆய்வகமும் 2022 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து திட்டமிட்ட ஸ்பிகா 2020இல் கைவிடப்பட்டது. 1.8 மீட்டர் ஆடி கொண்ட பிரைமா என்ற திட்டத்தை நாசா 2024 அக்டோபரில் விரிவான ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தது. உடன் போட்டியிடுவது ஆக்சிஸ் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் 2032இல் ஏவுவது என்பதே அறிவிக்கப்பட்ட திட்டம்.